பத்துக் காளையில் தகப்பன் எத்தனை?

உயர்தர உயிரியல் வகுப்பு, இடைவேளை நேரம். ஒரு பொடியன் போனைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். திரையில் இரண்டு பெரிய மிருகங்கள் தலையோடு தலை மோதுகின்றன. கிளம்புகிற புழுதியில் கால்களே தெரியவில்லை. "சேர், இது குமணையில நிக்கிற காட்டெருமைதானே? பொத்துவிலுக்குப் போனநேரம் நாங்களும் பாத்தம்."

அது குமணையும் இல்லை, எருமையும் இல்லை. வட அமெரிக்காவின் பைசன். ஆனாலும் அவனைக் குறை சொல்ல முடியாது. தமிழில் 'காட்டெருமை' என்ற ஒரு சொல்லின் முதுகில் மூன்று விலங்குகளை ஏற்றி வைத்திருக்கிறோம். எங்கள் கிழக்கிலங்கைப் பக்கம் காட்டெருமை என்றால் குமணை, கல்லோயாக் காடுகளில் நிற்கிற நீரெருமை, பட்டி எருமையின் காட்டுச் சொந்தம். தமிழ்நாட்டுப் பத்திரிகையில் 'நீலகிரியில் காட்டெருமை ஊருக்குள் புகுந்தது' என்று வந்தால் அது வேறு விலங்கு, காட்டு மாட்டு இனமான கவுர். அந்தக் கவுர் ஒருகாலம் இலங்கையிலும் இருந்தது. 1681 இல் வெளிவந்த தன் நூலில் ரொபேர்ட் நொக்ஸ், கண்டியரசன் வளர்த்த விலங்குகளிடையே ஒரேயொரு 'கவரா'வைக் கண்டதாக எழுதுகிறார்: முதுகு கூராக எழும்பி நிற்கும், நான்கு காலும் பாதிவரை வெள்ளை. இன்று இங்கே ஒன்றும் இல்லை. மூன்றாவதுதான் பைசன். அமெரிக்காவில் போய்க் குடியேறிய வெள்ளைக்காரர் அதையும் எருமை என்றே கூப்பிட்டார்கள். அந்தக் குழப்பம் எங்கள் வரைக்கும் வந்து சேர்ந்தது. உண்மையில் பைசனுக்கு எருமையைவிட மாடுதான் கிட்டிய உறவு. மாட்டோடு சேர்ந்து கன்றும் போடும். எருமைக்கும் மாட்டுக்கும் அது நடக்காது என்று எந்தப் பட்டிக்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

பொடியன் அதோடு விடவில்லை. "இதுல வெண்டவனுக்குத்தானே சேர் பசு எல்லாம்?"

பாதி சரி என்றேன். மணி அடித்துவிட்டது. மற்றப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

பைசன் மந்தை என்று படங்களில் காண்பது பெரும்பாலும் பசுக்களும் கன்றுகளும் இளசுகளும்தான். வளர்ந்த காளைகள் வருடத்தில் பெரும்பகுதி தனியாகவோ இரண்டு மூன்றாகச் சேர்ந்தோ ஒதுங்கி மேயும். யூலை மாதம் ஆனதும் ஒவ்வொன்றாக மந்தைக்குள் வந்து சேரும். யூலைக் கடைசியும் ஓகஸ்ட் முன்பாதியும் உச்சக் காலம், செப்டெம்பரில் அடங்கிவிடும். சினைக்காலம் ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல். எருமைக்குப் பத்து மாதத்துக்கு மேல் போகும். எனவே பைசன் கன்றுகள் ஏப்ரலிலும் மேயிலும், பனி உருகிப் புல் துளிர்க்கிற நேரமாகப் பார்த்து, கிட்டத்தட்ட ஒன்றாக விழும். செங்கல் நிறத்தில் இருக்கும். ஒரு ஈற்றுக்கு ஒன்று. இரட்டை மிக அரிது.

காளை 900 கிலோ வரை வரும், பசு அதில் பாதிதான். இந்த அளவு வித்தியாசமே ஒரு செய்தி சொல்கிறது. ஆண் பெண்ணைவிடப் பெரிதாக இருக்கிற விலங்குகளில், ஆண்கள் தங்களுக்குள் பொருதித்தான் இணை தேடும் என்று பொதுவாக எதிர்பார்க்கலாம்.

வந்த காளை முதலில் என்ன செய்யும்? உறுமும். மாடு 'ம்மா' என்பது போல இல்லை. அடிவயிற்றிலிருந்து வருகிற, முதல்தரம் கேட்பவர் சிங்கமோ என்று பயப்படுகிற சத்தம். காற்று வாகாக இருந்தால் சில கிலோமீற்றர் தள்ளியும் கேட்கும். பிறகு நிலத்தைக் காலால் கிளறி, அதில் மூத்திரம் பெய்து, அந்த மூத்திரப் புழுதியிலேயே விழுந்து புரளும். தன் மணத்தைத் தானே பூசிக்கொள்கிறது. எருமை சேற்றில் கிடப்பது வெக்கை தாங்காமல், இது அதுவல்ல. அடுத்து பசுக்களின் பின்னால் போய் மூத்திரத்தை மோந்து, கழுத்தை நீட்டி, மேலுதட்டைச் சுருட்டிப் பல்லை இளிக்கும். ஆட்டுக்கடா இப்படிச் செய்வதை நீங்கள் வீட்டு முற்றத்திலேயே கண்டிருப்பீர்கள், கண்டு சிரித்தும் இருப்பீர்கள். சிரிப்பு இல்லை அது. வாயின் மேலண்ணத்தில் ஒரு தனி மோப்ப உறுப்பு இருக்கிறது. மணத்தை அங்கே ஏற்றி, இந்தப் பசு இணைசேரும் வேளைக்கு வந்துவிட்டதா, இன்னும் நாள் இருக்கிறதா என்று பார்க்கிறது.

இனித்தான் விசயம். சில மான் இனங்களில் ஆண் ஒரு கூட்டம் பெண்களை வளைத்துக் கட்டிக் காக்கும். பைசன் காளை அப்படிச் செய்வதில்லை. ஒரு நேரத்தில் ஒரு பசு. அவள் பக்கத்தில் போய் நிற்கும். அவள் நாலடி வைத்தால் இதுவும் நாலடி. அவள் குனிந்தால் இதுவும் குனிவதுபோல் காட்டும், மேய்வது குறைவு. மந்தைக்கும் அவளுக்கும் நடுவில் தன் உடம்பைச் சுவர் மாதிரி வைத்துக்கொள்ளும். அவள் விலகப் பார்த்தால் முன்னுக்குப் போய் மறிக்கும். பத்திருபது மீற்றர் தள்ளி இன்னும் இரண்டு மூன்று காளைகள் இடைவெளி பார்த்துக்கொண்டே நிற்கும். இந்தக் காவல் சிலவேளை சில நிமிடம், சிலவேளை சில நாள். நான் வகுப்பில் இதைக் 'காவல் நிற்றல்' என்றே சொல்வேன்.

காளையின் பக்கம் நின்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பசு வேளையில் இருப்பது ஏறக்குறைய ஒரு நாள், அல்லது கொஞ்சம் கூட. பருவத்தின் உச்சம் இரண்டு மூன்று கிழமை. வேளைக்கு வராத பசுவோடு மூன்று நாள் காவல் நின்றால் அந்த மூன்று நாளும் போய்விட்டது. அதற்குள் வேறு பசுக்கள் வந்து போயிருக்கும். அதேநேரம் சரியான பசுவை மணத்தில் பிடித்தும், இன்னொரு காளை வந்து 'எழும்பு' என்றால் எழும்பிக் கொடுக்க வேண்டிவந்தால் அதுவும் பூச்சியம். ஆகவே மூக்கும் வேண்டும், பலமும் வேண்டும், எப்போது விட்டுவிட்டுப் போவது என்ற நிதானமும் வேண்டும்.

பலம் என்றவுடன் அந்தப் போன் வீடியோ ஞாபகம் வரும். உண்மையில் பெரும்பாலான சண்டைகள் நடப்பதே இல்லை. இரண்டு காளைகள் நெருங்கும். பக்கவாட்டில் நின்று உடம்பின் அகலத்தையும் உயரத்தையும் காட்டும். எதிரெதிரே நின்று தலையை ஏற்றி இறக்கும். பிறகு ஒன்று முகத்தை மெல்லத் திருப்பும், குனிந்து மேய்வதுபோல் பாசாங்கு செய்யும். அவ்வளவுதான், முடிந்தது. சந்தியில் வாய்த்தர்க்கம் முற்றிய நேரத்தில் ஒருவர் திடீரென்று போனை எடுத்துப் பார்ப்பாரே, அந்தப் பாவனை. இருவரும் பின்வாங்காத சில தடவைதான் மோதல். மோதினால் மண்டையோடு மண்டை. தலையில் அடர்ந்திருக்கிற மயிர்ச்சடையும் தடித்த எலும்பும் அதைத் தாங்கும். ஒன்று சறுக்கி விலா தெரிந்தால் மற்றது கொம்பை அங்கே ஏற்றும். விலா உடைந்த காளைகள், குத்துப்பட்டுச் செத்த காளைகள் உண்டு. மூன்றாவது ஒன்றும் நடக்கும்: இரண்டும் மோதிக்கொண்டிருக்கிற நேரம் வேறொரு காளை வந்து பசுவின் பக்கத்தில் சத்தமில்லாமல் நின்றுவிடும். வென்றவன் திரும்பிப் பார்த்தால் இடம் காலியில்லை.

தோற்காத காளைக்கும் செலவு இருக்கிறது. பருவம் முடியும்போது உடம்பு நிறையில் பத்து வீதத்துக்கு மேல் போயிருக்கும். 900 கிலோ காளைக்கு அது 90 கிலோ, ஒரு வாட்டசாட்டமான மனிதனின் நிறை. அடுத்து வருவது அமெரிக்காவின் யெலோஸ்டோன் தேசியப் பூங்கா போன்ற இடங்களின் பனிக்காலம். தலையாலே பனியை இடமும் வலமும் தள்ளித்தான் அடியில் கிடக்கிற காய்ந்த புல்லைத் தின்ன வேண்டும். ஓகஸ்ட்டில் எல்லாவற்றையும் செலவழித்த காளைக்குச் சனவரி கடினம். இதனால்தான் மூன்று வயதில் பருவமடைந்துவிட்டாலும் ஆறு வயதளவு வரைக்கும் இளங்காளைகளுக்குப் பெரும்பாலும் வாய்ப்பு வருவதில்லை. முதுமையிலும் வாய்ப்பு போய்விடும். ஒரு காளையின் 'காலம்' என்பது நடுவில் சில வருடங்கள்தான்.

இங்கே 'இனப்பெருக்க வெற்றி' என்ற சொல்லைக் கொண்டுவருவோம். பாடப்புத்தகத்தில் கண்டிருப்பீர்கள். அதற்குச் சண்டையில் வென்ற எண்ணிக்கை கணக்கில்லை. எத்தனை பசுவோடு சேர்ந்தது என்பதும் கணக்கில்லை. எத்தனை கன்று பிறந்து, உயிரோடு வளர்ந்து, தானும் ஒருநாள் கன்று போடும் அல்லது போடுவிக்கும் நிலைக்கு வந்தது என்பதுதான் கணக்கு. எண்ணுவது கன்றை.

ஒரு சின்ன உதாரணம், எண்கள் நான் விளங்கப்படுத்தப் போட்டவை. பத்துப் பசு, பத்துக் காளை, அந்த வருடம் பத்துக் கன்று. ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு தாய், ஒரு தகப்பன். ஆகவே சராசரி எடுத்தால் பசுவுக்கும் ஒன்று, காளைக்கும் ஒன்று. இதில் மாற்றம் வரவே முடியாது. ஆனால் பசுக்களின் பட்டியலைப் பார்த்தால் ஒன்று, ஒன்று, ஒன்று என்று கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். காளைகளின் பட்டியல் ஐந்து, மூன்று, இரண்டு, பிறகு ஏழு பூச்சியம். சராசரி ஒன்றுதான், பங்கீடுதான் தலைகீழ். இந்த ஏற்றத்தாழ்வு எந்தப் பாலில் கூடவோ அந்தப் பால்தான் கொம்பும் பருமனும் சண்டைக்குணமும் வளர்த்துக்கொள்ளும் என்பது டார்வின் 1871 இல் விரிவாக எழுதிய பால்தெரிவு என்ற யோசனையின் சாரம்.

யார் தகப்பன் என்று எப்படித் தெரியும்? முன்பு ஆய்வாளர்கள் தொலைநோக்கியோடு குந்தியிருந்து, எந்தக் காளை எந்தப் பசுவோடு சேர்ந்தது என்று குறிப்பெடுத்தார்கள். சேர்க்கை சில விநாடியில் முடிந்துவிடும், இரவிலும் நடக்கும். விட்டுப்போனவை ஏராளம். இப்போது கன்றின் டிஎன்ஏயையும் காளைகளின் டிஎன்ஏயையும் ஒப்பிட்டுவிடலாம்.

அப்படிச் செய்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. நெப்ராஸ்கா மாநிலத்தின் ஃபோர்ட் நயோப்ராரா சரணாலயத்தில் காளைகளின் உறுமலைச் சத்தமானி வைத்து அளந்தார்கள். முடிவு 2008 இல் வெளியானது. நீங்களும் நானும் என்ன எதிர்பார்ப்போம்? பெரிய சத்தம், பெரிய வெற்றி. வந்த முடிவு மறுபக்கம். கூடுதலாகப் பசுவோடு சேர்ந்த, கூடுதலாகக் கன்றுக்குத் தகப்பனான காளைகளின் உறுமல்தான் தணிந்த சத்தமாக இருந்தது. காளைகளுக்குத் தலை மிஞ்சிக் கத்துகிற பலம் இல்லாமல் இல்லை. வேறொரு காளை எதிர்த்து நின்றால் சத்தம் ஏறியது. பக்கத்தில் நிற்கிற மற்றவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஆளுக்குக் கத்தி அறிவிக்க வேண்டிய தேவை இல்லை என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். இது விளக்கம்தான், அளந்தது சத்தத்தையும் கன்றையும் மட்டும்.

இதைப் படித்த அன்று எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்தார். மட்டக்களப்பின் படுவான்கரையில், வெல்லாவெளிக்கு அங்கால், அவருக்கு எருமைப்பட்டி இருந்தது. அந்தியில் மாடு காலைக்கு, அதாவது அடைப்புக்கு, திரும்புகிற நேரம் ஓர் இளங்கடா ஊரே கேட்கக் கத்திக்கொண்டு வரும். சின்னப்பிள்ளையான எனக்கு அதுதான் ராசா. பெரியப்பா திரும்பியும் பார்க்கமாட்டார். "அதுக்கு விசர் மனே. அங்க பின்னால வருது பார், அதுதான் கடா" என்பார். பின்னால் ஒன்று தலையைத் தொங்கப்போட்டு நடந்து வரும். அதற்கு மட்டும் எருமைகள் விலகி வழிவிடும்.

பசுவின் பக்கத்தை இதுவரை தொடவில்லை. வீடியோக்களும் தொடுவதில்லை, சண்டைதான் பார்க்க அழகு. பசு சும்மா நின்று வென்றவனை ஏற்றுக்கொள்கிறவள் அல்ல. இளங்காளை ஒன்று காவல் நிற்கிற நேரம் பசு திடீரென்று மந்தைக்குள்ளால் ஓடும். ஓட, கண்ட காளையெல்லாம் பின்னால் ஓடும், உறுமலும் மோதலுமாகக் கலவரம் ஆகும். அது அடங்கும்போது அவள் பக்கத்தில் நிற்பது பெரும்பாலும் முதலில் நின்றதைவிடப் பெரிய காளை. அவள் வேண்டுமென்று செய்கிறாள் என்று சொல்ல நாங்கள் அவள் மனதுக்குள் போகவில்லை. ஆனால் பலன் அதுதான். சேர்க்கை முடிந்ததும் வாலைத் தூக்கியபடியே சில மணிநேரம் திரிவாள். பார்த்துக் குறிப்பெடுக்கிறவர்களுக்கு அது பெரிய உபகாரம், நேரில் தவறவிட்டதை வால் சொல்லிவிடும்.

பசுவின் வெற்றி தோல்வி ஓகஸ்ட்டில் தீர்வதும் இல்லை. புல் நல்ல வருடம், உடம்பில் கொழுப்பு இருந்தால், வருடாவருடம் சினைப்படுவாள். போன கன்றுக்குப் பால் கொடுத்தே மெலிந்துபோனால் ஒரு வருடம் விட்டுவிடுவாள். பிறகு கன்று பிழைக்க வேண்டும். எல்லாக் கன்றும் ஒரு சில கிழமைக்குள் விழுவதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது: ஓநாய் எவ்வளவுதான் தின்னும்? யெலோஸ்டோனில் 1995 இல் ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்ட பிறகு இது ஏட்டுக் கேள்வியாக இல்லை. பிந்திப் பிறந்த கன்று தனியாகத் தெரியும். பனிக்கு முன் வளரவும் அதற்கு நாள் போதாது. பசு இருபது வருடம் வரை உயிர் வாழலாம். அவளுடைய கணக்கு வருடத்துக்கு ஒன்று, அல்லது ஒன்றுமில்லை என்று மெதுவாகச் சேர்கிற சீட்டுக்காசு. மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் மாடு கொண்டுபோகிறவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. பெரும்போக வேளாண்மை தொடங்கி மாடு மேய்ச்சல்தரைக்கு ஏறுகிற காலம் புல் கிடைத்ததா இல்லையா என்பது அடுத்த வருடக் கன்று எண்ணிக்கையில் தெரிந்துவிடும்.

இப்போது அந்த ஏழு பூச்சியத்துக்குத் திரும்பி வருவோம். சில காளைகளே தகப்பனாவது மந்தைக்கு நல்லதா? மந்தை பெரிதாக இருக்கிறவரை பெரிய பிரச்சினை இல்லை. பைசன் ஒருகாலம் கோடிக்கணக்கில் இருந்தது. வேட்டையில் 1880களின் கடைசிக்குள் ஆயிரத்துக்கும் குறைவாகிப் போனது. 1902 இல் யெலோஸ்டோனில் மிஞ்சியது இரண்டு டசின் அளவு. இன்று அங்கே ஐயாயிரம் அளவில் நிற்கிறது, சந்தோசம். ஆனால் வேறு பல பாதுகாப்பு மந்தைகள் சில நூறு தலைகள்தான். சின்ன மந்தையில் தகப்பனும் சிலரே என்றால், அடுத்த தலைமுறையில் பாதிப்பேர் ஒரே தகப்பனின் பிள்ளைகளாக இருக்கலாம். ஐரோப்பியப் பைசனின் கதை இன்னும் இறுக்கம். காட்டில் இருந்த கடைசியும் 1927 இல் போய்விட்டது. இன்று இருப்பவை எல்லாம் அடைப்பில் மிஞ்சிய பன்னிரண்டு தலைகளின் வழி. அதில் தாழ்நில வம்சம் என்று சொல்லப்படுகிற கிளையில், காளைகள் எல்லாவற்றினதும் வை நிறமூர்த்தம் (தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது) ஒரேயொரு காளையிடமிருந்து வந்தது.

இதை அளக்க ஓர் எளிய சூத்திரம் உண்டு. அமெரிக்க மரபியலாளர் சூவல் ரைட் 1931 இல் தந்தது. இணைசேரும் ஆண்களையும் பெண்களையும் பெருக்கி, நாலால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். வருகிற விடைக்குப் பயன்தரு தொகை என்று பெயர். வகுப்பில் பைசனை விட்டுவிட்டுப் பட்டியை வைத்துத்தான் செய்து காட்டினேன். நாற்பது எருமை, ஒரு கடா. 4 × 40 × 1 = 160; நாற்பத்தொன்றால் வகுத்தால் 3.9. அதாவது நாற்பத்தொரு தலை நிற்கிற அந்தப் பட்டி, இரண்டு கடாவும் இரண்டு எருமையும் மட்டும் உள்ள பட்டி எவ்வளவு வேகத்தில் தன் மரபணு வகைகளை இழக்குமோ அந்த வேகத்தில் இழக்கும். இன்னொரு கடாவை விட்டால் 7.6. ஒரு எருமையும் கூடாமலே ஏறக்குறைய இரட்டிப்பு. பொடியன்மார் நம்பவில்லை, போனில் போட்டுப் பார்த்தார்கள்.

இரண்டு கடாவும் சமமாகத் தகப்பனானால்தான் 7.6 என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்று மற்றதை அடித்துத் துரத்தினால் பழையபடி நாலுக்குப் பக்கத்தில்தான். செயற்கைமுறைச் சினைப்படுத்தலில் இது இன்னும் கூர்மையாகும். உறைய வைத்த விந்தால் ஒரு முறா இன எருமைக்கடா தான் ஒருநாளும் காணாத ஆயிரக்கணக்கான கன்றுகளுக்குத் தகப்பனாகலாம். அதன் நன்மை தீமை தனிக் கட்டுரைக்கு உரியது.

பெரியப்பாவின் பட்டி இப்போது மச்சானிடம். இந்தக் கணக்கைக் கொண்டுபோய் அவனிடம் காட்டினேன். கடதாசியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். "ரெண்டு கடாவ விட்டா காலைக் கம்பு மிஞ்சாது மச்சான். யார் தினம் கட்டுற?" அதுவும் நியாயம். அவனுடைய வழி வேறு, பெரியப்பா காலத்து வழி. ஒரு கடாவுக்குப் பிறந்த இளம் நாகுகள் வேளைக்கு வருகிற வயதாகுமுன், இரண்டு இரண்டரை வருடத்தில், அந்தக் கடாவை உன்னிச்சைப் பக்கத்துப் பட்டிக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு அவருடையதை வாங்கிக்கொள்வான். காசு கைமாறாது. ஒரு நேரத்தில் ஒரு கடாதான், ஆனால் தகப்பன் தன் மகள்மாருக்கு மேல் வராது.

போன மாரிக்கு முதல் மாற்றினான். வந்த கடா மூன்று நாள் பட்டியோடு சேராமல் மருதமரத்தடியில் ஒதுங்கி நின்றது, ஒரு சத்தமும் இல்லை. நாலாம் நாள் மூத்த எருமைகளுக்குப் பின்னால் குளத்துக்குள் இறங்கியது. பழையது உன்னிச்சைக்குப் போய்விட்டது. அங்கே இதுவரை எத்தனை கன்று என்று மச்சான் அடிக்கடி போன் எடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.